முறுக்குக்கு ஒரு டாட் காம்

“புதுசா ஒரு சொல்லை உருவாக்குங்க. அகராதியில இருக்கக் கூடாது. அஞ்சாறு எழுத்துக்கு மேல போகக் கூடாது. பார்த்தவுடனே பிராண்டு மாதிரி தெரியணும்.” சிறு வியாபாரிகளுக்கான வகுப்பு எதற்குப் போனாலும், டொமைன் (இணையத்தில் கடைக்கு வைக்கிற முகவரி) பெயர் பற்றிப் பேச்சு எடுத்ததும் இதைத்தான் சொல்கிறார்கள். நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் சின்னச் சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதுகிறவள். பூக்கடை, தையல்கடை, கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர்கள், வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர்கள் என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படி ஒரு வகுப்புக்காவது போய்விட்டுத்தான் வருகிறார்கள். கணக்கு தெரிந்தவளுக்கு எல்லாமே தெரியும் என்ற நம்பிக்கையில், பெயர் விஷயத்திலும் என் வாயைப் பிடுங்குவார்கள். அந்த அறிவுரை தப்பு என்று அடித்துச் சொல்ல என்னால் முடிந்ததில்லை. உலகத்தின் பெரிய பெரிய தளங்கள் பலவற்றின் பெயர் அப்படித்தானே இருக்கிறது. ஆனால் கேட்கும்போதெல்லாம் ஏதோ உறுத்தும். சித்தி முறுக்கு விற்க இணையத்துக்கு வந்தபோதுதான் அந்த உறுத்தல் இன்னதென்று பிடிபட்டது.

சித்தியின் முறுக்கு சொந்தபந்தத்துக்குள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கும்போதே வாட்சப்பில் ஆர்டர் குவியும். சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல்கள் கூடத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு சித்தி போனில் பேசிக்கொண்டிருப்பார். அச்சு முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை. மற்ற மாதங்களில் மீன் கறித்தூளும் ரசப்பொடியும். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தமிழர் இல்லை. சித்தி மகன், என் தம்பி, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எஞ்சினியர். ஷாப்பி மாதிரி இணையச் சந்தையில் போட்டால் விற்கிற ஒவ்வொரு போத்தலுக்கும் கமிஷன் போகிறது, நமக்கென்று சொந்தமாக ஓர் இடம் வேண்டும் என்று அவன்தான் ஆரம்பித்தான். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. தகராறு பெயரில் வந்தது.

ஆளுக்கொரு பெயர்

தம்பி கொண்டுவந்தது, மசாலாவோடு ஓர் ஆங்கில வாலை ஒட்டி, நடுவில் இருந்த ஏ, ஐ எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்ட பெயர். எம், எஸ், எல், எஃப், ஒய். ‘மசாலிஃபை’ என்று வாசிக்க வேண்டுமாம். “அஞ்சே எழுத்துக்கா, செம்ம பிராண்டபிள்” என்றான். சித்தி அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “உயிரையெல்லாம் எடுத்துட்டு வெறும் மெய்ய வச்சு என்னப்பா செய்யுறது?” என்றார். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்.

இந்த உயிரெழுத்துப் பிடுங்கலுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 2004-ல் வந்த ஃபிளிக்கர் என்ற புகைப்படத் தளத்துக்காரர்கள் முதலில் ஆசைப்பட்டது முழு எழுத்தோடு இருந்த டொமைனுக்குத்தான். வைத்திருந்தவர் விற்க மாட்டேன் என்றுவிட்டார். வேறு வழியில்லாமல் கடைசி எழுத்துக்கு முன்னால் நின்ற ‘இ’யை விட்டுவிட்டுப் பதிவு செய்தார்கள். தளம் ஓஹோவென்று ஓடியது. அதன்பிறகு டம்ப்ளர் முதற்கொண்டு வரிசையாக அதே பாணி. காலில் முள் குத்தி நொண்டிக்கொண்டு போனவனைப் பார்த்து, இதுதான் இப்போது நடை போல என்று ஊரே நொண்டிய கதைதான்.

இப்படிச் சொல்லைக் கோணலாக்குவதற்கு அடிப்படைக் காரணம் பஞ்சம். 26 ஆங்கில எழுத்துகளை வைத்து மூன்றெழுத்து டாட் காம் 17,576 தான் அமைக்க முடியும். நான்கெழுத்தில் 456,976. இரண்டு கணக்கும் தீர்ந்து பல வருடம் ஆகிறது. ஐந்தெழுத்திலும் வாயில் நுழைகிற மாதிரி இருப்பவை பெரும்பாலும் யாரோ ஒருவர் கையில்தான் இருக்கின்றன. அவர் அதில் கடை நடத்த வேண்டும் என்றில்லை, விற்பதற்கென்றே வாங்கிப் போட்டிருப்பார். கற்பனைப் பெயர் ஒன்றுக்கு அழகான லோகோவும் சேர்த்து, சில ஆயிரம் டாலர் விலை போட்டு விற்கிற சந்தைகளே இருக்கின்றன. தம்பி ஒரு பக்கத்தைத் திறந்து காட்டியபோது சித்தி வெள்ளி (ரிங்கிட்) கணக்கில் பெருக்கிப் பார்த்துவிட்டு, “இது வெறும் பேருக்கு மட்டுமா? அடுப்பு கிடுப்பு ஒண்ணும் வராதா?” என்று கேட்டார். ‘அகராதியில் இல்லாத சொல்லைத் தேடு’ என்ற அறிவுரையில் பாதி, அகராதியில் இல்லாத சொற்களைக் குவித்து வைத்திருப்பவர்களின் வியாபாரப் பேச்சு என்பது என் சந்தேகம். மிச்சப் பாதியில் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த நியாயம், தம்பியின் நண்பன் ஒருவன் வந்து நேர்மாறாகப் பேசியபோது விளங்கியது. ஊர்ப் பெயரையும் பண்டத்தின் பெயரையும் சேர்த்து ‘பினாங்குமுறுக்கு’ என்றே டொமைன் எடுத்துவிட்டால் கூகுளில் முதலில் வரும் என்றான். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. தேடுகிற சொல்லும் டொமைனும் ஒன்றாக இருந்தால், உள்ளே சரக்கே இல்லாத தளம்கூட மேலே ஏறிவிடும். 2012 செப்டம்பரில் கூகுள் அந்த ஓட்டையை அடைத்தது. அது போகட்டும் என்றால், வர்த்தக முத்திரைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. இங்கே இப்போது நடப்பில் இருப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். பண்டம் இன்னது, அது வருகிற ஊர் இன்னது என்பதை மட்டும் சொல்கிற பெயரை ஒருத்தர் தனக்கே சொந்தம் என்று பதிவு செய்துகொள்ள அது லேசில் விடாது. பினாங்கில் முறுக்கு சுடுகிற எல்லோருக்கும் ‘பினாங்கு முறுக்கு’ என்று சொல்லிக்கொள்ள உரிமை இருக்கிறதே. நாளைக்குப் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) ஒருவர் அதே பெயரை ஒரு கோடு சேர்த்து எடுத்தால் சித்தி என்ன செய்வார்?

தவிர, பண்டத்தின் பெயரில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2012-ல் கோலாலம்பூரில் டாக்சி கூப்பிடுகிற செயலியாக மைதெக்சி வந்தது. மலேசியாவுக்குள் அந்தப் பெயருக்கு விளக்கமே வேண்டாம். ஆனால் கடல் தாண்டியதும் அங்கெல்லாம் கிராப்டாக்சி என்று வேறு பெயர் வைக்க வேண்டியிருந்தது. சொந்தக் கார், மோட்டார் சைக்கிள், பொருள் விநியோகம் என்று விரிந்ததும் அந்த டாக்சியும் சுமையாகிப் போய், 2016-ல் வெறும் கிராப் ஆனது. இன்றைக்கு அதே பெயரில் நாசி லெமா சோறும் வீட்டுக்கு வருகிறது, கடனும் கொடுக்கிறார்கள். சித்தி கிராப் ஆகப் போவதில்லை. ஆனால் தீபாவளி முடிந்ததும் கறித்தூள்தான் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. முறுக்கு என்ற பெயரில் கறித்தூள் விற்பது எப்படி?

சித்தப்பாவின் கட்சி வேறு. அவருக்கு எண் கணிதம். பாட்டியின் பெயரில் ஆரம்பிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அதில் எனக்கும் சம்மதம்தான். பாட்டி பெயர் லெட்சுமி. நம் ஊர்ப் பிறப்புப் பத்திரத்து எழுத்துப்படி அதில் டி, சி, எச் மூன்றும் வரும். தமிழ்நாட்டுக்காரர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள். சித்தப்பா காலண்டரின் பின்பக்கத்தில் கூட்டினார். எல் 3, இ 5, டி 4, சி 3, எச் 5, யு 6, எம் 4, ஐ 1. மொத்தம் 31, அதாவது 4. ராகு. வியாபாரத்துக்கு ஆகாது. கடைசியில் இன்னொரு ஐ சேர்த்தால் 32, அதாவது 5. புதன். வியாபாரத்துக்கென்றே இருக்கிற கிரகம். ஆகவே இரட்டை ஐ. டாட் காமையும் சேர்த்துக் கூட்ட வேண்டுமா என்று தம்பி நக்கலாகக் கேட்கப்போக, அவர் அதையும் கூட்டிப் பார்த்தார். சி 3, ஓ 7, எம் 4, மொத்தம் 14, அதுவும் 5. நம் நாட்டு டாட் மை என்று போட்டால் எம் 4, ஒய் 1, அதுவும் 5. சித்தப்பாவுக்கு அன்றைக்கு முழுக்க முகம் மலர்ந்தே இருந்தது. இணையமே புதனுடைய ஆட்சியில்தான் இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சித்தி தனக்கென்று ஆசைப்பட்ட பெயர் ஒன்றே ஒன்று: ‘தாய்க்கைமணம்’. கேட்கவே நன்றாகத்தான் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் போட்டுப் பாருங்கள், முதல் நான்கெழுத்து தாய்லாந்தாகிவிடுகிறது. வடக்கே கொஞ்ச தூரம் காரை விட்டால் தாய்லாந்து எல்லை. தொம்யாம் சூப் கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள். சரி, எச் எழுத்தை எடுத்துவிடலாமே என்றால் மலாய்க்காரப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஏன் என்று மலேசியத் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு, மலாய்ப் பேச்சில் அது கழிப்பறைச் சொல். சாப்பாட்டுப் போத்தலில் ஒட்டுகிற பெயர் இல்லை அது.

ஒரே தரம் சொல்வது

பெயரைக் காகிதத்தில் எழுதி வைத்துப் பார்த்துத்தான் எல்லோரும் முடிவு செய்கிறார்கள். லோகோவில் எப்படி இருக்கும், எழுத்துரு என்ன, நிறம் என்ன என்று. சித்தியின் வியாபாரமோ போனில் நடக்கிறது. கூலிமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கும் மலாய்க்கார அம்மா, அலுவலகத்தில் யாரோ கொண்டுவந்த முறுக்கைத் தின்றுவிட்டுக் கூப்பிடுவார். அவர் தன் தங்கைக்குச் சொல்வார். தங்கை காரில் போகும்போது கணவனிடம் சொல்வாள். இத்தனை வாய்க்கும் காதுக்கும் நடுவில் லோகோ எங்கே வருகிறது? அதனால் நான் சொன்னது இதுதான்: சித்தி வாடிக்கைக்காரர்களைக் கூப்பிட்டு ஒவ்வொரு பெயரையும் ஒரே ஒரு தரம் சொல்லட்டும். எழுத்துக்கூட்டக் கூடாது, திருப்பிச் சொல்லக் கூடாது. காதில் விழுந்ததை அவர்கள் வாட்சப்பில் அடித்து அனுப்பட்டும்.

தம்பியின் ஐந்தெழுத்து முதலில் போனது. வந்த பதில் ஒன்றில்கூட அந்த ஐந்தெழுத்து இல்லை. எல்லோரும் மறக்காமல் உயிரெழுத்துகளைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். வாலில் சிலர் எஃப் போட்டார்கள், சிலர் பி போட்டார்கள், ஒருத்தர் பி-யோடு எச்சும் சேர்த்திருந்தார். சித்தப்பாவின் இரட்டை ஐ யாருக்கும் கேட்கவில்லை, எப்படிக் கேட்கும்? சித்தியின் தோழி, தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ‘தாழம்பூ’ என்று ஒன்று கொடுத்திருந்தார். எனக்கு அந்தப் பெயரின் மேல் ஒரு கண். அது திரும்பி வந்த கோலத்தைச் சொல்லத்தான் வேண்டும். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் அக்கா மகள் மலாய்ப்பள்ளியில் படித்தவள். அவள் இசட் போட்டு அனுப்பினாள். கிராணியம்மா எல் போட்டு, நடுவில் இடைவெளி விட்டு ‘தா லம்பு’ என்று அனுப்பினார். பிறையில் போத்தல் விற்கும் சீன ஆன்ட்டி பதில் அடிக்கவே இல்லை, நேராகக் கூப்பிட்டார். “லம்பு? நீ இனிமே விளக்குக் கடையா? அப்ப போத்தல் வேணாமா?” சித்தி சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது.

தமிழிலேயே டொமைன் எடுத்துவிட்டால் இந்த ழ-கரப் பாடெல்லாம் இல்லையே என்று ஆசிரியையம்மா கேட்டார். நியாயமான கேள்வி. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் பிறந்த நாடு இது. கணினியில் தமிழ் அடிக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. டாட் காமுக்கு முன்னால் தமிழ் எழுத்துகளைப் போட்டுப் பதிவு செய்யவும் முடியும். புள்ளிக்குப் பின்னாலும் தமிழே வேண்டும் என்றால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் தமிழ் எழுத்தில் நாட்டு டொமைன் இருக்கிறது. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில்தான் இருக்கிறது. எனக்கும் ஆசைதான். ஆனால் உள்ளே அந்தத் தமிழ் எழுத்துகள் எக்ஸ், என் என்று தொடங்கும் ஒரு குறியீடாக மாறித்தான் போய்ச் சேர்கின்றன. சில இடங்களில் ஒட்டினால் அந்தக் குறியீடே பல்லிளித்துக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர் ஏமாற்று வேலை என்று நினைத்துத் தொடமாட்டார். அதைவிட முக்கியம், கிராணியம்மாவும் போத்தல் ஆன்ட்டியும் அதை எப்படி அடிப்பார்கள்? எங்கள் அக்கா மகளுக்கே முடியாது.

எல்லாப் பெயரும் விழுந்தபிறகு, போனைத் திருப்பி வாங்கிய தம்பி கிராணியம்மாவிடம் விளையாட்டாகத்தான் கேட்டான்: “எங்கம்மா நம்பரை உங்க போன்ல என்ன பேர்ல வச்சிருக்கீங்க?” அந்த அம்மா ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். பார்த்ததும் நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு தம்பிக்கு வெறி பிடித்துவிட்டது. சித்தியின் வாட்சப்பில் இருந்த எல்லோருக்கும் அதே கேள்வியை அனுப்பினான். பதில்கள் வரவர சித்தி ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு வாசித்தார். ‘மக்சிக் முறுக்கு பட்டர்வொர்த்’, மக்சிக் என்றால் மலாயில் அத்தை. ‘முறுக்கு மூடி சிவப்பு.’ ‘ஆன்ட்டி மீன் கறி.’ ஒரு பிள்ளை, டயட்டில் இருக்கும்போது எடுக்கக் கூடாத போன் என்று ஆங்கிலத்தில் சேமித்து வைத்திருந்தாள். இவற்றுக்கு நடுவில், கிராணியம்மா அனுப்பிய அதே பெயர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஒருவரையொருவர் தெரியாதவர்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை.

அது சித்தியின் செல்லப்பெயர். கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளையாக இருந்தபோது லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எல்லோரும் கூப்பிட்டது. அந்தக் காலத்துச் சிநேகிதிகள் இன்னமும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முறுக்கைப் பற்றி அவர்கள் சொன்னபோது பெயரும் கூடவே போயிருக்கிறது. சின்னப் பெயர். உதட்டில் ஒட்டாத ழ-வோ எச்சோ இல்லை, இரட்டை எழுத்து இல்லை, மலாயிலும் சீனத்திலும் ஏடாகூடமாக எதையும் சொல்லவில்லை. முறுக்கு என்றும் சொல்லவில்லை, கறித்தூள் என்றும் சொல்லவில்லை. வகுப்புகளில் கேட்கிற ‘பிராண்டபிள்’ இலக்கணம் அத்தனையும் அதில் இருந்தது. யாரும் உட்கார்ந்து உருவாக்கவில்லை என்பதுதான் வித்தியாசம். சித்திக்குத்தான் கூச்சம். “அது தோட்டத்துல கூப்பிட்ட பேருடி. அதைப்போயி போத்தல்ல ஒட்டுவாங்களா?” என்று மாலை வரைக்கும் மறுத்துக்கொண்டிருந்தார். பெயரை இங்கே எழுதவில்லை. இது விளம்பரக் கட்டுரை இல்லை, தவிர சித்தி திட்டுவார்.

யோசித்துப் பார்த்தால் பினாங்கில் இதொன்றும் புதிதில்லை. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கத்தில் இரவில் திறக்கும் நாசி கண்டார் (சோறும் கறியும்) கடையை ஊர் முழுக்க ‘பெராத்தூர்’ என்றுதான் கூப்பிடும். வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டியிருக்கிறது, அதனால் வரிசை என்றே பெயர். லிட்டில் இந்தியாவில் லெபோ பசார் பக்கம் போனால் பழைய பலகைகளில் வெறும் தலைப்பெழுத்துகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். செட்டியார்கள் காலத்திலிருந்து வருகிற பழக்கம். அப்பா, தாத்தா, பங்காளி என்று ஆளுக்கோர் எழுத்து. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த எழுத்துகளில் குடும்ப வரலாறே இருக்கிறது. மளிகை வாங்க வருகிறவர்கள் எத்தனை பேர் அதைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? ‘மூலைக்கடை’, ‘வெத்தலைக்கடை’, ‘மீசைக்காரர் கடை’. பலகை சொல்வது ஒன்று, வாய் சொல்வது ஒன்று என்று தெருவில் காலம் தள்ளிவிடலாம், கால் வழி காட்டிவிடும். இணையத்தில் வாய் சொல்வதைத்தான் விரல் அடிக்கிறது. அடித்தது ஓர் எழுத்து பிசகினாலும் வேறொருவர் வாசல்.

பதிவேடுகள்

பெயர் முடிவானதும் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் நினைத்தார்கள். என் வேலை அங்கேதான் ஆரம்பித்தது. என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வது இதில்தான். எஸ்எஸ்எம்மில், அதாவது நிறுவனங்களைப் பதிகிற ஆணையத்தில், வியாபாரப் பெயர் பதிந்துவிட்டால் பெயர் தனக்கே சொந்தம் என்று ஒருவர் நினைப்பார். டொமைன் எடுத்தாயிற்று, இனி யாரும் தொட முடியாது என்று இன்னொருவர். இவை ஒன்றுக்கொன்று தெரியாத மூன்று பதிவேடுகள். எஸ்எஸ்எம்மில் வியாபாரப் பெயருக்கு ஆண்டுக்கு 60 வெள்ளி. சொந்தப் பெயரிலேயே நடத்தினால் 30. அது வியாபாரம் நடத்த அனுமதி, அவ்வளவுதான். நம் நாட்டு டாட் மை பெயர்களுக்கு மைனிக். முத்திரை உரிமைக்கு அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓ. அங்கே பண்டங்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிந்து கிடக்கின்றன. முறுக்கும் கறித்தூளும் 30-ஆம் வகுப்பு. பதிவானால் பத்தாண்டு. டொமைன் எடுப்பதற்கு முன்னால் அங்கே போய்த் தேடிப் பார்த்துவிட வேண்டும், ஏற்கெனவே எவராவது அதே பெயரில் தின்பண்டம் விற்கிறாரா என்று. முத்திரை வைத்திருப்பவர் கெட்ட எண்ணத்தோடு எடுக்கப்பட்ட டாட் மை டொமைன் மேல் முறையீடு செய்ய கோலாலம்பூரில் ஆசிய அனைத்துலக நடுவர் மையம் இருக்கிறது. முறுக்கு வியாபாரி அங்கே போகிற நிலைமை வராமல் பார்த்துக்கொள்வதுதான் புத்தி.

டாட் காமில் அந்தப் பெயர் விற்பனைக்குக் கிடந்தது. விலையைச் சித்தியிடம் சொல்லவில்லை. டாட் காம் டாட் மை காலியாக இருந்தது. தம்பிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. டாட் காம் இல்லாத பிராண்டு ஒரு பிராண்டா என்று. எனக்கு அதில் கவலை இல்லை. டாட் காம் டாட் மை எடுக்க இங்கே பதிவு பெற்ற வியாபாரமோ நிறுவனமோ இருக்க வேண்டும். பெயர் சேர்த்து விற்கிறவர்கள் கண்டபடி அள்ளிக்கொண்டு போக முடியாது. அதனாலேயே நல்ல பெயர்கள் இன்னும் அங்கே மிஞ்சியிருக்கின்றன. கூலிம், சுங்கை பட்டாணி, ஈப்போ என்று முறுக்கு அனுப்புகிறவருக்கு அந்த ‘மை’ ஒரு பலம் என்பதுதான் என் கருத்து. தெரியாத தளத்தில் பணம் கட்டத் தயங்குகிற கிராணியம்மாவுக்கு, இது நம் நாட்டில் பதிந்த கடை என்று அது சொல்கிறது. ஆனால் பழக்கத்தில் யாராவது வெறும் டாட் காம் என்று அடித்துவிட்டால் காலி மனையில் போய் நிற்பார்கள் என்று தம்பி சொல்வதையும் தள்ளிவிட முடியவில்லை. அதனால் போத்தலில் ‘டாட் காம் டாட் மை’ முழுசாக, கடைசிப் பகுதி சிவப்பில், மூடியின் நிறத்திலேயே இருக்க வேண்டும் என்று அச்சுக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டோம்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பதிவு சித்தியின் பெயரில், சித்தியின் ஈமெயிலில், சித்தியின் கார்டில். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு, கிள்ளானில் பூக்கடை, வெப்சைட் செய்து கொடுத்த பையன் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தான். பிறகு ஆளும் இல்லை, நம்பரும் இல்லை. கடைக்காரம்மா தன் கடைப் பெயரைத் தானே வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டொமைன் வாங்கினேன் என்பது பேச்சு வழக்குதான், உண்மையில் அது வாடகை. டாட் காமை ஒரே மூச்சில் அதிகபட்சம் பத்தாண்டுக்குத்தான் எடுக்கலாம். தவணை தப்பினால் பெரும்பாலும் கொஞ்ச நாள் சலுகை கொடுப்பார்கள். அதுவும் போனால் 30 நாள் மீட்புக்காலம், அபராதம் சுளையாக இருக்கும். பிறகு ஐந்து நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட்டே தன் பாஸ்போர்ட் (உள்நுழைவுச் சேவை) டொமைனுக்குப் பணம் கட்ட மறந்து, பலருக்கு ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியாமல் போனது. வெளியாள் ஒருவர் 35 டாலரைத் தன் கையிலிருந்து கட்டித் திறந்துவிட்டார். சித்திக்கு அப்படியொரு புண்ணியவான் கிடைப்பாரா தெரியாது. தானாகவே புதுப்பிக்கிற வசதியைப் போட்டுவிட்டு, சமையலறைக் காலண்டரிலும் தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

சித்தப்பாதான் பாக்கி. சித்தியின் செல்லப்பெயரைக் கூட்டினால் என்ன வருகிறது என்று அவர் இன்னும் எங்களிடம் சொல்லவில்லை. நல்லதாக வந்திருந்தால் சொல்லியிருப்பார். சமாதானத்துக்காகப் பாட்டி பெயரை இரட்டை ஐயோடு தனியாக ஒரு டாட் காம் எடுத்துக் கொடுத்தோம். அது காலியாகத்தான் இருந்தது, வேறு யார் அப்படி எழுதுவார்கள்? ஆண்டுக்கு ஐம்பது அறுபது வெள்ளிதான். அதை அடித்தால் நேராகச் சித்தி கடைக்கு வந்து சேருகிற மாதிரி தம்பி திருப்பிவிட்டிருக்கிறான். அந்த வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று சித்தப்பா வாரா வாரம் கேட்கிறார். தம்பி எண்ணிக்கையை எடுத்துக் காட்டுவான். வந்ததெல்லாம் ஒரே ஆள், ஒரே போன், அதுவும் எங்கள் வீட்டு வைஃபையிலிருந்து. புதுப்பிப்பதா வேண்டாமா என்று தீபாவளி கழித்துப் பேசிக்கொள்ளலாம் என்று சித்தி சொல்லியிருக்கிறார்.